உறைபனிக் காலையில் ஒரு பட்டறை

ஜனவரி மாதத்தில், உதகமண்டலத்துப் புல்வெளிகளின்மீது உறைபனி உப்புத் தூவினாற்போல் படிந்து கிடக்கும் அதிகாலை வேளையில், பிங்கர் போஸ்ட் பக்கத்திலுள்ள சிறியதொரு மோட்டார்ப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் காரிலிருந்து பத்து நாட்களாக ஏதோ ஒன்று சொட்டி வந்தது. பகலில் இரண்டு இடங்களில் காட்டியும் ஒரு துளிகூடத் தென்படவில்லை. “சாயங்காலமே வண்டிய விட்டுட்டுப் போங்க சார், சூடேறிட்டா அது வாயை மூடிக்கும்” என்று முந்தின நாள் சொல்லியிருந்தார் இந்தப் பட்டறையின் மேஸ்திரி; அப்படியே விட்டுப் போயிருந்தேன்.

அவர் சொன்னதில் ஒரு சூட்சுமம் உண்டு. குளிரில் ரப்பர்க் குழாய் இறுகிச் சுருங்க, அதைப் பற்றியிருக்கும் உலோகம் வேறொரு அளவில் சுருங்குவதால், இரண்டிற்கும் நடுவே மயிரிழை இடைவெளி பிறக்கிறது. எஞ்சின் சுமார் 90 டிகிரிக்குச் சூடானதும் ரப்பர் மறுபடி விம்மி அதை அடைத்துவிடுகிறது. குற்றவாளி இரவில் மட்டுமே நடமாடுகிறான்.

வண்டியின் அடியில் விரித்திருந்த அட்டையை மேஸ்திரி மெள்ள இழுத்தார். மூன்று கறைகள் இருந்தன. புகைக்குழாய்க்கு நேரே இருந்தது வெறும் நீர்; அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நடுவே கருமையாய் ஒன்று, எஞ்சின் ஆயில். முன்புறத்தில் நாலணா அகலத்துக்குப் பச்சையாய் ஒன்று. அதை இரு விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்து, “கூலண்ட்டு” என்றார். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும்தாம் அதற்கு அடையாளம். அது விஷம் என்பதால், அட்டையை நோக்கி வந்த நாயை முதற்காரியமாக விரட்டினார். சக்கரத்தின் உட்புறத்தில் வெளிர் மஞ்சளாக ஈரம் கண்டிருந்தால் பிரேக் ஆயில் என்று சந்தேகித்து, வண்டியை ஓர் அடிகூட நகர்த்த விட்டிருக்கமாட்டாராம்.

சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஆகையால், ஈரம் தொடங்கும் மிக உயர்ந்த புள்ளியைத் தேடி டார்ச்சு விளக்குடன் மேலேறிப் பார்த்தவர், ரேடியேட்டர்க் குழாயின் நுனியில் வெள்ளையாய்ப் பூத்திருந்த பொருக்கைக் கண்டு, கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் அரைத் திருகு திருகினார். ஆயில் கசிவுக்கோ வேறு உபாயம்: எஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால் சுத்தமாகத் துடைத்து உலரவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை அதன்மேல் தூவி, பத்து நிமிஷம் ஓடவிட்டார். வெண்மையின் நடுவே, மேல்மூடிப் பேக்கிங்கின் ஓரத்தில், கறுப்பு நூல்போல் ஒரு கோடு இறங்கியது. நான் இதைவிடப் பிரத்தியட்சமான பரீட்சையைக் கண்டதில்லை.

இவ்வளவு நேரமும் உதவிக்கு இருந்த பையன், சில்லிட்ட சிமெண்டுத் தரையில் ஒற்றைச் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்தான். வெடித்திருந்த அவன் விரல்கள் இரும்பைத் தொடும்போதெல்லாம் ஒருகணம் பின்வாங்கித் திரும்பவும் தொட்டன. பேக்கிங்குக்கும் அதைப் பொருத்துவதற்கும் மட்டுமே மேஸ்திரி பணம் கேட்டார். இரண்டு மணி நேரம் பார்த்ததற்கு ஒன்றும் கேட்கவில்லை. “பார்த்ததுக்கெல்லாம் யாருங்க சார் குடுப்பாங்க?”

மலையில் வண்டி வைத்திருப்பவர்களே, கூலி எண்ணும்போது அந்தப் பார்வைக்கும் சேர்த்து எண்ணிக் கொடுங்கள்.