மஞ்சள் விளக்கு

மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். அப்படிப்பட்டவன் சொந்தக் காரில் ஒரு எர்த் கம்பியைக் கவனிக்காமல் விட்டு, மனைவியை ராத்திரி மழையில் நெடுஞ்சாலையில் நிறுத்திய கதை இது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வயதுக்காரர்கள் பலர் இன்னும் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். பத்து வருடம் ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. ஒரு ஐப்பசி மாதம், டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி வழக்கம்போலத்தான் ஓடியது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றார்கள். 4,800 ரூபாய். நாலாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. இன்னொரு இடத்தில் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு கோடை அழித்துக் கொடுத்தார்கள். அது ஒரு வாரம் தாங்கியது.

அதற்குப் பிறகு எனக்கே சலித்துவிட்டது. பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் மனைவி, "என்னங்க, அது இன்னும் எரியுதே?" என்பாள். "அது சும்மா எரியுது" என்பேன். கேள்வி நிற்கவில்லை. ஒருநாள் வீட்டிலிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு கிழித்து விளக்கின் மேல் ஒட்டினேன். பக்கத்திலேயே இருந்த சிவப்பு பேட்டரி விளக்கும் அதில் பாதி மறைந்துபோனது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வண்டி கொஞ்சம் முனகும். பேட்டரிக்கு வயதாகிவிட்டது, எனக்கும்தான், என்று நினைத்துக்கொள்வேன்.

கார்த்திகையில் தஞ்சாவூரில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். சாப்பிட்டுக் கிளம்பவே எட்டரை ஆகிவிட்டது. வல்லம் தாண்டியதும் நல்ல மழை. ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓடுகின்றன. செங்கிப்பட்டிக்கு அப்புறம் சாலை சரியாகத் தெரியவில்லை. மழையால்தான் என்று நினைத்தேன். உண்மையில் மங்கியது என் ஹெட்லைட். வைப்பர் சோம்பலாக ஏறி இறங்கியது. திடீரென்று ஸ்டியரிங் கல்லாக இறுகியது. இன்ஜின் நின்றது. உருண்ட வேகத்திலேயே பலத்தையெல்லாம் போட்டுத் திருப்பினேன். பாதி வண்டிதான் ஓரத்துக்கு வந்தது.

நாலு பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். எரியவில்லை. பின்னால் வரும் லாரிக்கு எங்கள் கார் தெரிய வழியே இல்லை. மனைவியை இறக்கிச் சாலைக்கு வெளியே நிற்கச் சொன்னேன். முழங்கால் வலிக்காரி, பட்டுப்புடவையோடு சேற்றில் நின்றுகொண்டு செல்போன் டார்ச்சை ஆட்டினாள். இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. மூன்றாவது லாரிக்காரர் நிறுத்தி, எங்களுக்குப் பின்னால் தன் வண்டியை மறைவாகப் போட்டு, இறங்கி வந்து காரைத் தள்ளினார். "பெரியவரே, இந்த நேரத்துல ஏன்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டோம். மெக்கானிக் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஸ்கேனரை எடுக்கவில்லை, மல்டிமீட்டரை எடுத்தார். வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து வண்டியைக் கிளப்பினார். ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் வைத்தார். கிட்டத்தட்ட சைபர் காட்டவேண்டிய இடம். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டை பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் செய்தாலும் அது ஒழுங்காக பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. எர்த் ஆடினால் சென்சார் அனுப்பும் கணக்கும் ஆடும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து சென்சாரைக் குறை சொல்லியிருக்கிறது. புதுப் பட்டை போட்டு, போல்ட் இடத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து முடுக்கினார். பேட்டரியைச் சார்ஜில் போட்டார். மொத்தம் 650 ரூபாய். அதற்குப் பிறகு மஞ்சள் விளக்கு எரியவே இல்லை.

ஒரு தெருவில் சில வீட்டில் பல்பு மங்கி, சில வீட்டில் பளீரென்று எரிந்து வெடித்தால், நாங்கள் யார் வீட்டு பல்பையும் பார்க்கமாட்டோம். நேரே போய் நியூட்ரல் அறுந்திருக்கிறதா என்று பார்ப்போம். புகார் வரும் வீடு ஒன்று, பழுதான கம்பம் வேறொன்று. எத்தனை புதுப் பையன்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுத்திருப்பேன்! ஸ்கேனர் சொல்லும் கோடும் புகார்தான், தீர்ப்பு அல்ல.

தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். மஞ்சள் நிலையாக எரிந்தால் பதறவேண்டாம், ஆனால் சீக்கிரம் காட்டிவிடுங்கள். விட்டுவிட்டு எரிந்தால் இன்ஜினில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். ஓரங்கட்டுங்கள். ஆயில், சூடு இரண்டுக்கும் சிவப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். பேட்டரிச் சிவப்பு வந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்திரமான இடம் பார்த்து ஒதுங்கிவிடுங்கள். பேட்டரியைப் பார்க்கும்போது எர்த் முனையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விஷயம் தெரிந்ததும் பையன், "காரை வித்துடுங்கப்பா" என்றான். பேசிப் பேசி, ராத்திரியில் ஓட்டுவதில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

டேப்பை மனைவிதான் உரித்தாள். நகத்தால் சுரண்டி, பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, "இனிமே நான் கேட்டா பதில் சொல்லுங்க, டேப் ஒட்டாதீங்க" என்றாள். இப்போதெல்லாம் சாவியைத் திருப்பியதும் விளக்குகளை அவளும் எண்ணுகிறாள்.