ஜெராய் மலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

கெடா மாநிலத்தில் மெர்போக் என்ற சிற்றூரை அடுத்து, ஜெராய் மலையின் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட்காட்சிசாலை இருக்கிறது. சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் வழியாகப் போனால் சுமார் 25 கிலோமீட்டர்தான். வடக்கே வாழும் தோட்டப்புறக் குடும்பங்கள் பலவும் அந்த மலையைத் தினமும் பார்க்கின்றன. பால் வெட்டப் போகும்போது மலை மீது மேகம் கவிந்திருந்தால் மழை வருமென்று சொல்லிக்கொள்கின்றன. ஆனால் மலையின் காலடியில் இருக்கும் பழங்கற்களைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவே.

என் தங்கையின் கணவர் ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மனைவி மக்களையும் வேனில் ஏற்றிக்கொள்வார். போகும் ஊரில் ஒரு வாரம், பத்து நாள் வாசம். 'ஊர் சுற்றினாலும் பாடம் நிற்கக் கூடாது' என்பது தங்கை போட்ட சட்டம். காலையில் இரண்டு மணி நேரம் பாடம், பிறகுதான் வேடிக்கை. சென்ற விடுமுறையில் அவர்கள் சுங்கை பட்டாணியில் தங்கியிருந்தபோது நானும் போய்ச் சேர்ந்தேன். "அண்ணன் வாத்தியார் வந்திருக்கும்போது நான் ஏன் பாடம் நடத்தணும்?" என்று சொல்லித் தங்கை அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெரியவளுக்கு 12 வயது, சின்னவனுக்கு 9. பாயை விரித்து, அதன் மேல் ஆசியப் படத்தை விரித்தோம். முதல் பாடம் பூகோளம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து பாய் விரித்த கப்பல்கள் கிழக்கே வரும். வடகிழக்குக் காற்று தொடங்கிய பிறகே திரும்பிப் போக முடியும். ஆகவே வந்த வணிகர்கள் காற்று மாறும்வரை இங்கேயே மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். தங்கினால் வீடு வேண்டும், சந்தை வேண்டும், கும்பிடக் கோயிலும் வேண்டும். நடுக்கடலில் வருகிறவனுக்குக் கரை எங்கே என்று காட்டியது, 1,217 மீட்டர் உயரமுள்ள இந்த ஜெராய் மலை.

இரண்டாவது பாடம் கணக்கு. நாகப்பட்டினத்திலிருந்து கெடாவுக்கு நேர்க்கோட்டில் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கப்பல் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடினால் எத்தனை நாள்? சின்னவன் விரல்விட்டு எண்ணி, "20 நாளுக்கு மேலே" என்றான். உடனே, "அத்தனை நாளைக்குக் குடிதண்ணி எங்கே மாமா கிடைக்கும்?" என்று கேட்டான். கணக்குப் புத்தகத்தில் இல்லாத நல்ல கேள்வி!

மூன்றாவது பாடம் தமிழ். சங்க இலக்கியமான பட்டினப்பாலையில் காழகம் என்ற ஊரிலிருந்து வந்த பொருள்கள் பேசப்படுகின்றன. அது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதியிருக்கிறார். கடாரம் என்பது நம் கெடாதான். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பயணம் போன சீனத் துறவி இட்சிங்கும் வழியில் கெடாவில் தங்கியிருக்கிறார்.

மணி பத்தானதும் வேன் புறப்பட்டது. பீடோங் தாண்டிப் போகும் வழியில் சுங்கை பத்து. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அங்கே செங்கல் மேடைகளும், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களும் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. உலைக்குக் காற்று ஊதப் பயன்பட்ட களிமண் குழாய்கள் ஏராளமாகக் கிடைத்தன. இயந்திரம் தெரிந்தவரான மச்சானுக்கு அந்த இடத்தை விட்டு வர மனமே இல்லை. "சரக்கை ஏற்றி இறக்கிய ஊர் மட்டும் இல்லை, சரக்கைச் செய்த ஊரும் இதுதான்" என்றார். வரலாற்று ஆசிரியர் சொல்ல வேண்டிய வார்த்தை அது!

தொல்பொருட்காட்சிசாலை 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. உள்ளே சீன நாட்டுப் பீங்கான் துண்டுகள், மேற்காசியாவிலிருந்து வந்த கண்ணாடித் துண்டுகள், நிறம் நிறமான மணிகள், சிவலிங்கத்தைத் தாங்கும் ஆவுடையார் ஆகியவற்றைக் காணலாம். பௌத்தச் சின்னங்களும் இந்து சமயச் சின்னங்களும் இதே பள்ளத்தாக்கில்தான் கிடைத்திருக்கின்றன. சிறு குழிகள் குடைந்த கல் பேழை ஒன்றைப் பார்த்துப் பெரியவள் நின்றுவிட்டாள். கோயிலின் அடியில் பொன்னும் மணியும் வைத்துப் புதைத்த பேழை அது என்றேன். "நம்ம தோட்டத்துக் கோயிலுக்கு அடிக்கல் போட்டப்ப அம்மா காசும் நவமணியும் போட்டாங்களே, அது மாதிரியா?" என்று கேட்டாள். அதேதான்.

வெளியே படியேறினால் சண்டி புக்கிட் பத்து பகாட். 'பத்து பகாட்' என்றால் உளியால் செதுக்கிய கல். குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கில அறிஞரும் அவர் மனைவியும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் தோண்டிப் பார்த்த இடம் இது. பிறகு 1959இல் மீண்டும் ஆராயப்பட்டு, கற்கள் வரிசையாக அடுக்கிச் சீரமைக்கப்பட்டது. கருவறை இருந்த இடம் உயர்ந்தும், மண்டபம் முன்னால் தாழ்ந்தும் இருக்கின்றன. தூண் நின்ற கற்கள் இருக்கின்றன. மரத்தூண்களும் கூரையும் மக்கிப் போய்விட்டன. பக்கத்தில் ஓடை சலசலத்து ஓடுகிறது.

அங்கே நிழலில் உட்கார்ந்து, இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தை வென்ற கதையைச் சொன்னேன். சின்னவன் கைதட்டினான். "சரி, அடிபட்டது எந்த ஊர்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நாம உட்கார்ந்திருக்கிற இந்த ஊர்" என்றான். கைதட்டல் நின்றது. அந்தப் போருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பு, கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார்; சோழ மன்னன் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான் என்பதையும் சொன்னேன். கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இரண்டு கரைகள் இவை. ஒன்றின் பெருமையை மட்டும் பாடினால் அது பாதி வரலாறு. இந்தக் கோயில்களை எழுப்பியதில் இம்மண்ணின் மக்களுக்கும் பங்கு உண்டு.

பெரியவள் கல்லைத் தடவிப் பார்த்துக் கேட்டாள்: "இதைச் செதுக்கினவங்க பேரு எங்கே மாமா எழுதியிருக்கு?" எங்குமே எழுதியில்லை. மன்னர் பெயர் செப்பேட்டில் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் காற்றோடு போயிற்று.

இந்த இடத்தில்தான் என் நெஞ்சில் ஒரு பாரம் ஏறியது. நம் பாட்டன்மார் பலர் கங்காணி வழியாக இந்நாட்டுக்கு வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்பும் முறையை நிறுத்தும்வரை கப்பல் கப்பலாக வந்தார்கள். காட்டை அழித்துப் பால்மரம் நட்டார்கள். அவர்கள் பெயர் செக்ரோலில் இருந்தது. தோட்டம் கைமாறியபோது செக்ரோலும் போயிற்று. லயங்கள் இடிந்தன, பிரட்டுக்களம் வீடமைப்புப் பகுதியாயிற்று.

எழுதி வைக்காததும் பாதுகாக்காததும் எப்படி மறையும் என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கே சாட்சி. சுங்கை பத்துவில் இருந்த 11ஆம் எண் சண்டி, தனியார் நிலத்தில் மேம்பாட்டு வேலை நடந்தபோது தரைமட்டமானது 2013ஆம் ஆண்டு இறுதியில் தெரியவந்தது. அது பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதிவு செய்யப்படாமல் இருந்தது. பல நூற்றாண்டுக் கோயிலுக்கே பதிவு இல்லாவிட்டால் கதி இதுவென்றால், நம் லயத்து வீட்டுக்கு என்ன கதி?

அன்று மாலை கடைசிப் பாடம், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவது. சின்னவன் கப்பல் வரைந்து, அதில் பெரிய தண்ணீர்ப் பானை ஒன்றையும் வைத்தான். பெரியவள் தொலைபேசியில் பாட்டியைக் கூப்பிட்டாள். பாட்டி பிறந்த தோட்டம் எது, எத்தனையாம் டிவிஷன், பாட்டியின் அப்பா பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டு எழுதினாள். முக்கால் மணி நேரம் பேச்சு ஓடியது. "இத்தனை வருசத்துல இதை யாரும் எங்கிட்ட கேட்கலையே" என்றாராம் பாட்டி. அந்தத் தோட்டம் இப்போது எந்த வரைபடத்திலும் இல்லை. பெரியவளின் நோட்டில் இருக்கிறது.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். காலையோடு போனால் வெயில் ஏறுமுன் படியேறிவிடலாம். கட்டுச்சோறும் தண்ணீரும் போதும். பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பார்த்ததை வரையட்டும், கேட்டதை எழுதட்டும். திரும்பி வந்ததும் அதே நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் உட்கார வையுங்கள். பால்வாளியோ, பால் வெட்டும் கத்தியோ, பழைய அடையாள அட்டையோ வீட்டில் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால் அதன் கதையையும் எழுதச் சொல்லுங்கள்.