ஹாலில் படுத்திருந்த மாமா

எங்கள் வீடு புக்கிட் பாஞ்சாங்கில், இலகு ரயில் தண்டவாளத்தை ஒட்டிய புளோக் ஒன்றில் இருக்கிறது. வீடுகளுக்குப் பக்கத்தில் வரும்போது இந்த ரயிலின் சன்னல் கண்ணாடி தானாக மங்கிவிடும். உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. சின்ன வயதில் அது எனக்கு மாயாஜாலம் மாதிரி இருக்கும்.

2017ல் ஒரு மாலை மாமா இரண்டு பெட்டிகளோடு வந்து வாசலில் நின்றார். அம்மாவின் ஒரே தம்பி. விவாகரத்து முடிந்து, உட்லண்ட்சில் இருந்த நாலறை வீட்டை விற்றாகிவிட்டது. கடனையும் மத்திய சேம நிதிக்குத் திருப்பிக் கட்டியதையும் கழித்தால் அவர் கையில் மிஞ்சியது சொற்பம். "ஒரு மாசம்தான்கா" என்றார். அம்மா கலங்கிய கண்ணோடு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

ஒரு மாதம் ஆறு மாதமானது. எங்களுடையது மூவறை வீடு. ஓர் அறையில் அப்பா அம்மா, இன்னொன்றில் நானும் தங்கையும். மாமாவுக்கு ஹால்தான். அவர் பாதுகாவல் அதிகாரி. இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை வேலை. எட்டரைக்கு வந்து குளித்துவிட்டு, மெத்தையை விரித்துப் படுப்பார். பகல் முழுக்க நாங்கள் பூனை மாதிரி நடக்க வேண்டும். தொலைக்காட்சி கிடையாது, மிக்சி கிடையாது. எனக்கு அது பல்கலைக்கழக இறுதியாண்டு. படிக்கும் மேசையும் ஹாலில்தான் இருந்தது.

ஒரு நாள் அடுப்படியில் நின்று அம்மாவிடம் கேட்டேன்: "இவர் எப்பதான் போவார்?" மெதுவாகக் கேட்டதாகத்தான் ஞாபகம். மூவறை வீட்டில் மெதுவாக என்று ஒன்று கிடையாது.

அடுத்த வாரம் மாமா, "கூட வேலை செய்ற ஆளு வீட்டுல ரூம் கிடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எந்த ஊர் என்று அம்மா கேட்டதற்கு "ஈசூன் பக்கம்" என்றார். பக்கம் என்று சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. நான் நிம்மதியாகப் பரீட்சை எழுதினேன்.

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, 2019ல், அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லித்தான் அந்த ஆய்வைப் பற்றித் தெரிந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியைச் சேர்ந்த டாக்டர் இங் கொக் ஹோ, வீடின்றி வெளியில் தூங்குபவர்களைத் தீவு முழுவதும் எண்ணப் போகிறார், தொண்டூழியர் தேவை என்றாள். அதற்குமுன் நாடு தழுவிய அளவில் அப்படி எண்ணியதே இல்லையாம். 'சிங்கப்பூரில் அப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்' என்ற நினைப்பில்தான் பெயர் கொடுத்தேன். எனக்குக் கிடைத்த பகுதி எங்கள் ஊரிலேயே, செகார் பக்கம். நடுராத்திரியில் பெண்பிள்ளை எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டார். பக்கத்து புளோக்குக்குத்தான் என்றேன். அது உண்மையும்கூட.

நாங்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், நான். தூங்குபவரை எழுப்பக் கூடாது, முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. விழித்திருந்து, அவரே விரும்பினால் மட்டும் பேசலாம். கீழ்த்தளம், மாடிப்படித் திருப்பம், கார் நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம். பிறந்ததிலிருந்து இருக்கும் ஊர். ஆனால் அந்த நேரத்தில், அந்த மூலைகளை நான் பார்த்ததே இல்லை. இரண்டு மணி நேரம் நடந்தும் ஒருவரும் இல்லை. மாணவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. ஏமாற்றப்படலாமா என்று ஆசிரியை அவரைக் கடிந்துகொண்டார்.

கடைசி புளோக்கில், கல் மேசைக்குப் பின்னால், அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலணி இரண்டும் ஒட்டி, நேராக வைக்கப்பட்டிருந்தன. தண்ணீர்க் குழாயில் மாட்டிய ஹேங்கரில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று தொங்கியது. காலையில் எங்கோ வேலைக்குப் போகிறவர். படிவத்தில் நேரம், இடம், தோராயமான வயது, அருகில் இருந்த பொருள்கள் எல்லாம் எழுதினேன். 'சட்டை, இஸ்திரி போட்டது' என்று எழுதியதும் இஸ்திரி போட்டதை அடித்துவிட்டேன். அதற்கு அங்கே இடமில்லை என்று பட்டது.

அந்த நவம்பரில் அறிக்கை வந்தது. ஏறக்குறைய 480 தொண்டூழியர்கள், 12,000க்கும் மேற்பட்ட புளோக்குகள். வெளியில் தூங்குபவர்கள் 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். வேலையிலிருந்து திரும்பும் வழியில், இலகு ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் படித்தேன். பெரும்பாலோர் ஆண்கள், வயதில் மூத்தவர்கள். பத்தில் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். துப்புரவு, பாதுகாவல் போன்ற வேலைகள். இடைநிலைச் சம்பளம் 1,400 வெள்ளி. ஏன் வெளியே வந்தார்கள் என்ற இடத்தில் வேலை இழப்பு, குறைந்த வருமானம், குடும்பச் சண்டை, விவாகரத்து என்று இருந்தது.

அதில் யாருடைய பெயரும் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது. ஈசூன் பக்கம் என்றாரே, எந்த புளோக் என்று ஒரு நாளாவது கேட்டோமா? இரண்டு வாரத்துக்கு முன்புதான் தீபாவளிக்கு வந்து, மடிப்புக் கலையாத சட்டையில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். கன்ணாடி மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது. என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் மாமாவை ஒரு காப்பிக்கடைக்கு வரச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "மாமா, எங்க தங்கியிருக்கீங்க?" என்றேன். "அதான் ஈசூன்ல..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். தே தாரேயைக் கொஞ்ச நேரம் கிண்டிக்கொண்டே இருந்தார்.

அந்த ரூம் இரண்டு மாதம்தான். வீட்டுக்காரர் மகன் கல்யாணம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வெளியில்தான். பெட்டிகளைக் கூட வேலை செய்பவர் ஒருவர் வீட்டில் போட்டு வைத்திருந்தார். இரவில் வேலை. குளியல் வேலையிடத்திலேயே. பகலில் நூலகத்தில் உட்கார்ந்தபடி தூக்கம், அல்லது பூங்காவில். விடுப்பு நாள் இரவுகள்தான் கஷ்டம் என்றார்.

"புக்கிட் பாஞ்சாங்லயே படுக்கலாம்னு ஒரு தடவை வந்தேன் பாப்பா. தெரிஞ்ச இடம் பாரு. அப்புறம் யோசிச்சேன், அக்கா காலையில மார்க்கெட்டுக்குப் போற வழி. பார்த்துட்டா அவளுக்கு எப்படி இருக்கும்? அதான் வேற ஊருக்குப் போயிட்டேன்."

வாடகை வீட்டுக்கு மனுப் போடவில்லையா என்று கேட்டேன். விசாரித்தாராம். தனி ஆளுக்கு ஓரறை வாடகை வீட்டைத் தனியாகத் தரமாட்டார்கள், இன்னோர் ஒற்றையாளோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். "கூட ஒருத்தர் வேணும்ங்கறாங்க. கூட ஒருத்தர் இருந்தா நான் ஏன் அங்க போய் நிக்கப்போறேன்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'நான் அன்னைக்கு அடுப்படியில பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா' என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அறிக்கையை அதற்குப் பிறகு பலமுறை படித்தேன். நான் நடந்த அந்த இரவில் மாமா எங்கள் எண்ணிக்கையில் வந்திருப்பாரா? பெரும்பாலும் வந்திருக்க மாட்டார். நாங்கள் எண்ணிய நேரத்தில் அவர் ஏதோ ஒரு கூட்டுரிமை வீட்டின் வாயிற்காவலில், மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக விழித்திருந்தார். அதற்கு முந்தைய ஆறு மாதமும் எந்தக் கணக்கிலும் வராது. எங்கள் ஹாலில் படுத்திருந்தாரே. ஆய்வைக் குறை சொல்லவில்லை, தெருவில் எண்ணினால் தெருவில் இருப்பவரைத்தான் எண்ண முடியும். ஆனால் ஒருவர் தெருவுக்கு வராமல் தடுப்பது என்றால், அவர் யாரோ ஒருவருடைய ஹாலில் இருக்கும்போதுதான் தடுக்க முடியும். தெருவுக்கு முந்திய கடைசி நிறுத்தமாக மாமாவுக்கு எங்கள் வீடு இருந்திருக்கிறது. நாங்களோ அதை இட நெருக்கடி என்று மட்டும் நினைத்தோம். அம்மாவுக்கும் தெரியவில்லை, எங்கே போய் யாரிடம் உதவி கேட்பது என்று. உதவி கேட்க வேண்டிய விஷயம் என்பதே தெரியவில்லை. தம்பி அக்கா வீட்டில் இருப்பதற்கு யார் மனுப் போடுவார்கள்?

அன்று இரவே அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டவில்லை, அழவில்லை. மாமாவின் அடுத்த விடுப்பு நாளில் அவரே போய்ப் பெட்டிகளோடு அழைத்து வந்துவிட்டார். நாலு மாதத்தில் கொவிட். 2020 ஏப்ரலில் கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியபோது, எல்லாரும் வீட்டிலேயே இருங்கள் என்று அரசாங்கம் சொன்னது. மாமா மெத்தையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை மட்டும் நிற்கவில்லை. நான் அதே ஹாலில் அலுவலகக் கூட்டங்களில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். "உங்கள் குரல் கேட்கவில்லை" என்று மேலாளர் தினமும் சொல்வார். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை, அடுப்படியில் நின்றும்.

அந்தக் காலத்தில் தேவாலயங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள் உட்படப் பல இடங்கள் இரவில் தங்கக் கதவு திறந்தன. 2021ல் அதே பல்கலைக்கழகக் குழு மறுபடி எண்ணியபோது, தெருவில் 616 பேர், தற்காலிகக் காப்பிடங்களில் 420 பேர். 2019ல் தெருவில் 1,050, காப்பிடங்களில் 65. தெரு பாதி காலியானது போலத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் 1,115 என்பது 1,036 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக வீடிழந்தவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஜொகூரிலோ பாத்தாமிலோ குறைந்த வாடகையில் இருந்துவிட்டு, எல்லை மூடியதும் போக்கிடம் இல்லாமல் நின்ற சிங்கப்பூரர்கள் உட்பட. 2022 நவம்பரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சே ஓர் இரவு எண்ணியது. வெளியில் தூங்கியவர்கள் 530 பேர். ஒரு பல்கலைக்கழகம் தொடங்கிய எண்ணிக்கையை அமைச்சும் எடுத்துச் செய்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

வேறு நாடுகளைப் பற்றியும் தேடிப் படித்தேன். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். முதலில் வேலை தேடு, குடியை விடு, மருந்தைச் சாப்பிடு, பிறகு வீடு தருகிறோம் என்று சொல்லாமல், ஒரு பிரிவினருக்கு நேரே வீட்டைக் கொடுத்துவிட்டு மற்ற உதவிகளைப் பிறகு செய்தார்கள். அவர்கள்தான் வீட்டில் அதிகமாக நிலைத்தார்கள். ஃபின்லாந்து இதை நாட்டுக் கொள்கையாகவே செய்கிறது. நம் ஊரில் நிலைமை வேறுதான், நிலம் இல்லை, வரிசை நீளம். இருந்தாலும் ஐம்பது வயதைக் கடந்து, எல்லாம் இழந்து நிற்கும் ஒருவரை முன்பின் தெரியாத இன்னொருவரோடு ஓரறையில் போடுவது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

மாமாவுக்கு ஒப்பியிருக்கிறது, ஓரளவு. 2021 டிசம்பரில் வீவக ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. கூடத் தங்குபவரை நாமே தேட வேண்டியதில்லை. ஓர் அமைப்பு, பழக்கவழக்கம் பார்த்துச் சேர்த்து வைக்கிறது. அறையை நடுவில் தடுத்தும் கொடுக்கிறார்கள். மறு ஆண்டு அவருக்கு இடம் கிடைத்தது. கூட இருப்பவர் ஒரு சீனர், மாமாவைவிட மூத்தவர், பகலில் உணவங்காடி நிலையத்தில் தட்டுக் கழுவுகிறார். ஒருவர் தூங்கும்போது மற்றவர் வேலையில் இருப்பார். அதுதான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறதோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எங்கள் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் புகார்ப் பட்டியல்: அந்த ஆள் வானொலியைச் சத்தமாக வைக்கிறார், விசிறியை நிறுத்தவே மாட்டேன் என்கிறார். போன வாரம் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து சட்டைப்பையைத் தடவிச் சாவியைப் பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு இங்கயே படுத்துக்கயேன்டா" என்றார் அம்மா. "இல்லக்கா, அந்த ஆளு கதவை உள்பக்கம் தாழ் போட்டுருவாரு" என்று சொல்லிவிட்டு, கோழிக்குழம்பில் காரம் இல்லாமல் இரண்டு துண்டு தனியாகக் கட்டித் தரச் சொன்னார். அவருக்குக் காரம் ஆகாதாம்.