தட்டுக் கழுவு படலம்

சென்ற ஆனி மாதம் வரையில் எங்கள் வீட்டில் 41 இசைத்தட்டுகள் இருந்தன. இப்பொழுது நாற்பதே முக்காலே அரைக்கால் இருக்கின்றன. இந்தப் பின்னக் கணக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. குறைந்து போன அரைக்காலுக்குப் பொறுப்பாளி நான்தான் என்பதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வாசகர்கள் நடுவில் வேறு யார்மீதாவது சந்தேகப்பட வேண்டியதில்லை.

என் தாத்தா சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரியும் என்ற தைரியத்தில் 1958-இல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர். லேக் மார்க்கெட்டுக்கு அருகே ஒரே அறையில் நால்வராகக் குடியிருந்தார்கள். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் வேஷ்டிகளுக்கு நடுவே பத்திரமாகப் படுத்து வந்தது ஓர் இசைத்தட்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம், தோடி ராகம். தட்டு வந்துவிட்டதே தவிர, அதைச் சுழற்றிக் கேட்பதற்கு ஓர் இயந்திரம் வாங்க அவருக்கு ஆறு வருஷம் பிடித்தது. 1964-இல் பாட்டி கல்யாணமாகி ஹவுராவில் வந்து இறங்கியபோதுதான் பிளேயரும் வீட்டுக்கு வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்பதில் அவர்கள் இருவருக்கும் கடைசிவரை ஒற்றுமை ஏற்படவில்லை. பிறகு ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய தட்டுக் கடைகளில் ஒன்றிரண்டாகச் சேர்ந்து 41 ஆயின. 1963-இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மாளின் சுப்ரபாதம் முதல், யாரென்றே தெரியாத ஒரு வங்காளி நகைச்சுவையாளர் வரையில் அதில் உண்டு.

தாத்தா 2009-இல் காலமானார். அதன் பிறகு பெட்டியை யாரும் திறக்கவில்லை. இப்பொழுது பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. டெலிவிஷன் உபயோகப்படவில்லை. ஒரு நாள் திடீரென்று, "அந்தத் தோடியைப் போடேண்டி" என்றாள். நான் புத்திசாலித்தனமாகக் கைபேசியில் ஒரு தோடியைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அதே வித்துவான், அதே ராகம். பாட்டி மரியாதையாக முழுவதும் கேட்டுவிட்டு, "இது அவர் வாசிச்சதுதான். நம்ம தோடி இல்லே" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் வாதம் செய்ய முடியுமா? பெட்டியை இறக்கினேன்.

பெட்டிக்குள் வங்காளத்தின் பதினைந்து மழைக்காலங்கள் குடியிருந்தன. காகித உறைகளெல்லாம் பழுப்பேறி, தட்டுகளின் மேல் வெள்ளை வெள்ளையாய் நட்சத்திரம் போலப் பூஞ்சை. பிளேயரைத் தெருக்கோடி ரேடியோ மெக்கானிக் ரப்பர் சக்கரம் மாற்றி ஓட வைத்துவிட்டார். தட்டுகளைத் துலக்கும் பொறுப்பு, வீட்டில் ரசாயனம் படிக்கும் ஒரே ஆத்மா என்ற முறையில், என் தலையில் விழுந்தது. நானும் மிகவும் சந்தோஷமாக அதை ஏற்றுக்கொண்டேன்.

ஒரு லாங்-பிளே தட்டில் ஒரு பக்கம் சுமார் 23 நிமிஷம் ஓடும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஏறக்குறைய 770 சுற்றுகள். அந்தச் சுருள் கோட்டைப் பிரித்து நீட்டினால் அரைக் கிலோமீட்டர் வரும். அகலமோ தலைமயிரின் பருமன்தான். இவ்வளவு நீளமான, இவ்வளவு குறுகலான ஒரு வாய்க்காலில் தூர் வாருவதுதான் தட்டுத் துடைப்பது. வெறும் துணியால் அழுத்தித் துடைத்தால் தூசி வெளியே வராது; இன்னும் உள்ளே இறங்கிப் பதுங்கிக் கொள்ளும். தண்ணீர்தான் உள்ளே போய் அதைக் கிளப்ப வேண்டும். ஆனால் தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை அதிகம். வினைலின்மேல் விட்டால் தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாய் நிற்குமே தவிர, கோட்டுக்குள் இறங்காது. அதற்காகத்தான் சோப்பு. பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு சொட்டுப் போதும். நான் முதல் தட்டுக்கு ஒரு கரண்டி விட்டுவிட்டு, அந்த நுரையைப் போக்க ஒரு மணி நேரம் அலசினேன்.

தண்ணீரிலும் விஷயம் இருக்கிறது. எங்கள் அடுக்கு வீட்டுக்கு வருவது ஆழ்குழாய்க் கிணற்று நீர், உப்பு அதிகம். அதில் அலசிக் காயவைத்த தட்டில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு மிஞ்சியது. ஊசி போகும் வழியெல்லாம் சுண்ணாம்புக் கல் என்றால் பாட்டு எப்படியிருக்கும்? பொரிகடலை வறுக்கிற ஓசைதான். யோசித்துப் பார்த்து, இன்வர்ட்டருக்காக அப்பா வாங்கி வைத்திருந்த பாட்டரித் தண்ணீர் 5 லிட்டர் கேனைத் திறந்தேன். தாது உப்பு நீக்கிய நீர் வீட்டில் அது ஒன்றுதான். அப்பா மாலையில் வந்து இன்வர்ட்டரைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நான் தட்டு அலசுகிற சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

நடுவில் ஒட்டியிருக்கும் காகித முத்திரை நனையக் கூடாது. பாட்டியின் ஊறுகாய் ஜாடி மூடி அதற்கு அளவெடுத்தாற்போல இருந்தது. அதை நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். துடைப்பதற்குத் தாத்தாவின் பழைய மல் வேஷ்டி. கஞ்சி போட்ட துணி மட்டும் ஆகாது. துடைக்கும்போது கோடு போகும் திசையிலேயே வட்டமாகப் போக வேண்டும். குறுக்கே இழுத்தால் அழுக்கு ஒரு வாய்க்காலிலிருந்து அடுத்த வாய்க்காலுக்கு மாறுமே தவிர வெளியேறாது. காயவைக்கச் சமையலறைத் தட்டு ஸ்டாண்டு. மொட்டை மாடி வெயில் கூடவே கூடாது. 60, 70 டிகிரி சூட்டில் வினைல் இளகி, அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

மிகவும் பிடிவாதமான இரண்டு தட்டுகளுக்கு ஃபெவிகால் வைத்தியம் செய்தேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும். வெள்ளைப் பசையைத் தட்டின்மேல் முத்திரையில் படாமல் ஒரே சீராகப் பூசி, உலர்ந்ததும் உரித்தெடுப்பது. பசை வினைலோடு ஒட்டாது; ஆனால் கோட்டுக்குள் இருக்கும் தூசியையெல்லாம் கட்டிப்பிடித்துக் கொண்டு, பாம்பு சட்டை உரிப்பதுபோல முழுசாய் வெளியே வரும். உரித்த ஏட்டில் தட்டின் கோடுகள் அப்படியே தெரிகின்றன! நன்றாக உலர்ந்து கண்ணாடிபோல் ஆகும்வரை பொறுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனி மாத ஈரக்காற்றில் அதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அவசரப்பட்டு உரித்த தட்டில் ஒட்டிக்கொண்ட துணுக்குகளை எடுக்க இன்னொரு முறை பூச வேண்டியதாயிற்று.

எண்ணெய்ப் பிசுக்குக்கு மருந்துக்கடை ஸ்பிரிட். 2020-இல் கிருமிக்குப் பயந்து வாங்கியதில் ஒரு புட்டி மிச்சம் இருந்தது. ஒரு பங்கு ஸ்பிரிட், நான்கு பங்கு பாட்டரித் தண்ணீர். வினைலை அது உடனே ஒன்றும் செய்யாது. (அஸிடோன், தின்னர் இவை வேறு ஜாதி, அவை தட்டையே தின்றுவிடும். தேங்காயெண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு என்று கேள்வி. தலைக்குத் தடவட்டும்.) நான்கு நாளில் 32 லாங்-பிளே தட்டுகளும் பளபளவென்று ஆகிவிட்டன. சுப்ரபாதம் காலையில் போட்டோம். எதிர்வீட்டு வங்காளி மாமிகூட ஜன்னலைத் திறந்தார். எனக்குக் கர்வம் தலைக்கேறியது.

மிச்சம் ஒன்பது தட்டு, 78 சுற்றுக்காரர்கள். அதில் மேலாக இருந்தது தோடி.

மற்றவற்றைவிட அது கனமாக இருந்தது. வளையவில்லை. மேலே பிசுக்கும் அதிகம். அழுக்கு அதிகமென்றால் மருந்தும் அதிகம் வேண்டுமல்லவா? தண்ணீர் கலக்காமல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, வெளி ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒரு விரல் அகலத்துக்குத் துடைத்தேன். துணி கன்னங்கரேலென்று ஆயிற்று. "பாட்டி, எவ்வளவு அழுக்கு பாருங்க!" என்று துணியைக் காட்டினேன். இன்னும் ஒரு சுற்று அழுத்தித் துடைத்தேன். இன்னும் கறுப்பு. பாட்டிக்குக் கண் தெரியாவிட்டாலும் மூக்கு நன்றாக வேலை செய்கிறது. "என்னடி, தச்சன் வந்த மாதிரி வாசனை அடிக்கிறது?" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கை நின்றது.

சென்ற தை மாதம்தான் எங்கள் வீட்டு அலமாரிக்குத் தச்சர் ஒருவர் வந்து பாலிஷ் போட்டார். அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டுக் கரைத்துப் பூசினார். ஸ்பிரிட் ஆவியாகிப் போனதும் அரக்கு மட்டும் மரத்தில் பளபளவென்று நின்றது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, அரக்கிலுள்ள கரிம அமிலங்கள் ஏன் சாராயத்தில் கரைகின்றன என்று அரைகுறை வங்காளியில் ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் பாவம், பீடியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட நான், அரக்குத் தட்டின்மேல் ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறேன். 78 சுற்றுத் தட்டு வினைல் அல்ல. அரக்கு, கல் பொடி, கறுப்புக்குக் கரிப்பொடி, இவை சேர்ந்த கலவை. துணியில் வந்தது அழுக்கு அல்ல, தோடி.

அரக்கு மாளிகை கட்டிய புரோசனனுக்குக்கூட அரக்கின் குணம் தெரிந்திருந்தது. எம்.எஸ்ஸி. வகுப்பில் இருக்கும் எனக்குத் தெரியவில்லை. அதுவும் எந்த ஊரில்? 1902-இல் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தது இதே கல்கத்தாவில். அப்போது தட்டு அச்சிட ஜெர்மனியின் ஹனோவருக்கு அனுப்பினார்கள். 1908-இல் சியால்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. 1928-இல் டம்டம்முக்கு மாறியது. அரக்கு இங்கே பக்கத்துச் சரக்கு. சோட்டா நாகபுரி, புருலியா காடுகளில் பலாசு மரத்திலும் குசும் மரத்திலும் இலந்தையிலும் சிறு பூச்சி ஒன்று தன்னை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின் அது. ராஞ்சிக்கருகே நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. யாரோ ஒரு பூச்சி தன் உடம்புக்குக் கட்டிய வீட்டில் ராஜரத்தினம் பிள்ளையின் மூச்சு குடியேறியிருந்தது. 1948-இல் வினைல் லாங்-பிளே தட்டு அமெரிக்காவில் வந்தும், நம் நாட்டில் 1960-களிலும் அரக்குத் தட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் வெட்கக்கேடு. தெரிந்தது ஓர் அறையிலும், கை வேறோர் அறையிலும் இருந்தன.

கணக்கை முடித்துவிடுகிறேன். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். நான் துடைத்தது அதன் வெளிக் கால் பங்கு. ஏறக்குறைய முக்கால் நிமிஷ ஆலாபனை. ஒரு பக்கத்தில் கால் என்றால் தட்டில் அரைக்கால். அந்த இடம் மட்டும் மங்கிப்போய்ச் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது.

பாட்டியிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கண் மங்கியவர்தானே! அந்த நினைவு வந்ததற்காகவே உடனே சொல்லிவிட்டேன். பாட்டி தட்டை மடியில் வாங்கி, விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். தாத்தா தடவிக் காட்டிய இடம் அது என்று பிறகு சொன்னாள். இருட்டில் எந்தப் பக்கம் முதல் பக்கம் என்று கண்டுபிடிக்க ஓரத்தில் சின்ன விள்ளல் ஒன்று உண்டாம். விள்ளல் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் அழுதுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"பாக்கி இருக்கோல்லியோ? அங்கேயிருந்து போடு" என்றாள்.

பிளேயரின் ஊசிமுனையில் ஒரு சின்னக் காது உண்டு. லாங்-பிளேக்கு ஒரு பக்கம், 78-க்கு மறுபக்கம் திருப்ப வேண்டும். பழைய தட்டின் கோடு அகலம், மெல்லிய ஊசி அதன் அடியில் விழுந்து கரகரக்கும். காதைத் திருப்பி, மங்கல் வளையத்தைத் தாண்டி ஊசியை வைக்கப் போனேன். "இரு" என்று கையைக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, போன முக்கால் நிமிஷத்தைத் தானே வாய்க்குள் பாட ஆரம்பித்தாள். பாட்டி பாடி நான் கேட்டதே இல்லை. சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது. ஒரு பிடி வந்ததும் தலையை அசைத்தாள். ஊசியை வைத்தேன். நாகஸ்வரம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

மற்ற எட்டு அரக்குத் தட்டுகளுக்கும் ஸ்பிரிட்டைக் காட்டவில்லை. பாட்டரித் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுச் சோப்பு; துணியைப் பிழிந்து ஈரம் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சுற்று; உடனே உலர்ந்த துணியால் இன்னொரு சுற்று. ஃபெவிகாலும் கிடையாது, உரிக்கும்போது கூடவே தட்டும் பெயர்ந்து வரும். சலவைச் சோடா, வெண்காரம் இவற்றையும் அண்ட விடக் கூடாது. அரக்கு காரத்திலும் கரையும். ஸ்பிரிட் புட்டியை அப்பா எடுத்துப்போய்த் தம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்வர்ட்டருக்குப் புதிய கேன் வந்திருக்கிறது, அதுவும் அங்கேதான்.

நேற்றுச் சாயங்காலமும் தோடி போட்டோம். ஊசியைக் கொஞ்சம் முன்னதாக வைத்துவிட்டேனாம். தாம் இன்னும் பாடி முடிக்கவில்லை என்று பாட்டி கோபித்துக்கொண்டாள். எடுத்து மறுபடி வைத்தேன்.