திண்டுக்கல்லுக்கு மாட்ச் பார்க்கப் போனோம்

எங்கள் மாடி வீட்டு அம்மாளின் பிள்ளை லண்டனில் வேலையாக இருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுவானாம். சனிக்கிழமை பார்ஸிலோனாவிலோ மிலானிலோ கால்பந்தாட்டம். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றல். திங்கட்கிழமை காலையில் மறுபடி ஆபீஸ். ஐரோப்பாவில் இது சர்வ சாதாரணமாம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து என் பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. "நாமும் ஒரு தடவை போனால் என்ன, அப்பா?" என்றான்.

"பேஷாகப் போகலாம்" என்றார் என் கணவர். "இந்த வீட்டை விற்றுவிட்டுப் போனால், திரும்பி வரவேண்டுமே என்ற கவலையும் இல்லை!"

கடைசியில் பாஸ்போர்ட் கேட்காத ஓர் ஊரை அவனே கண்டுபிடித்தான். தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம், 2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. இடம்: திண்டுக்கல்.

"அங்கே எனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார் என் மாமியார். எனக்கும் அதே கேள்விதான். இந்த மாதிரிப் பிரயாணங்களில் ஆண்கள் மாட்சைப் பார்ப்பார்கள். நாம் முறுக்கு டப்பாவையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பார்த்துக்கொண்டிருப்போம். ஆகவே நான் ஒரு நிபந்தனை போட்டேன். மாட்சுக்கு ஒரு ராத்திரி. மற்ற நேரமெல்லாம் எங்களுக்கு.

அந்த நிபந்தனைதான் எங்களைக் காப்பாற்றியது. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. திண்டுக்கல் மாட்ச் என்று பெயரே தவிர, மைதானம் திண்டுக்கல்லில் இல்லை! ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி, நத்தத்தில், என்.பி.ஆர். கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. இதில் நாம் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. 2026 உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டத்துக்கு நியூயார்க்கின் பெயரைச் சொல்கிறார்கள்; மைதானம் இருப்பதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்ஸியில். எந்த ஊருக்கு மாட்ச் பார்க்கப் போனாலும், அறை எடுப்பதற்கு முன்னால் மைதானம் எங்கே என்று பார்த்துவிடுவது நல்லது. மாட்ச் மட்டும் போதும் என்பவர்கள் மதுரையிலேயே தங்கலாம். நத்தம் அங்கிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். 2023-ல் திறந்த 7 கிலோமீட்டர் நீள மேம்பாலம் அந்த வழியைச் சுலபமாக்கிவிட்டது. எங்களுக்கு ஊரும் வேண்டும். ஆகவே திண்டுக்கல்லிலேயே தங்கினோம்.

வெள்ளிக்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். விடியுமுன் திண்டுக்கல் வந்துவிட்டது. குளித்துக் காப்பி சாப்பிட்டு, வெயில் ஏறுமுன் மலைக்கோட்டைக்குப் புறப்பட்டோம். திண்டு போல உருண்டு கிடக்கும் கல். அதனால் திண்டுக்கல் என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ராட்சசன் ஒருவன் தலையணையைப் போட்டுவிட்டு எழுந்து போன மாதிரிதான் இருக்கிறது. மாமியார் அடிவாரத்துக் கோட்டை மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம்.

மதுரை நாயக்கர்கள் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோட்டை இது. 1755-ல் ஹைதர் அலி இந்த ஊருக்குப் பௌஜ்தாராக வந்தார். ஊரில் பேகம்பூர் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது அவருடைய சகோதரியின் ஞாபகமாக வந்த பெயர். 1790-ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

எனக்கு அங்கே நினைவுக்கு வந்தவர் வேறொருவர். 1772-ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், சிறு பெண் குழந்தையுடன் இந்தச் சீமைக்குத்தான் வந்து சேர்ந்தார். பழனிப் பக்கத்து விருப்பாட்சியில் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். ராணி ஹைதர் அலியைக் கண்டு உருதுவிலேயே பேசி உதவி கேட்டாராம். படை திரட்டி, 1780-ல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார். எட்டு வருஷம்! மேலே நின்று, கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடந்த சமவெளியைப் பார்த்தபோது, அந்த எட்டு வருஷமும் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

இறங்கியதும் எல்லோருக்கும் பசி. சீரகச் சம்பா அரிசியில் செய்யும் திண்டுக்கல் பிரியாணியைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1957-ல் ஒரு சிறு ஹோட்டலாகத் தொடங்கிய தலப்பாக்கட்டி இன்று கடல் தாண்டியும் கிளை விட்டிருக்கிறது. பொடிப் பொடி அரிசி. ஆனால் மசாலாவை அது குடிக்கிற மாதிரி நீள அரிசி குடிப்பதில்லை.

மத்தியானம் பூட்டு வாங்கப் போனோம். நாகல் நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் கையாலேயே அறுத்து, ராவி, பொருத்திச் செய்கிற பூட்டுகள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மெஷின் பூட்டு மலிவாக வந்த பிறகு, செய்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மாங்காய் வடிவத்தில் இருந்த ஒன்றை என் மாமியார் கையில் எடுத்து எடை பார்த்தார். கடைக்காரப் பெரியவர், "உள்ளே எத்தனை லீவர் என்று பாருங்கள் அம்மா, அதில்தான் பூட்டின் பலம்" என்றார். மாமியார் அதை வாங்கிய பிறகு ஊர் திரும்பும் வரை சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னாளப்பட்டி. திண்டுக்கல்லிலிருந்து 11 கிலோமீட்டர். சுங்குடிச் சேலைக்காகவே ஒருத்தி அங்கே போகலாம். ஒரு யோசனை சொல்கிறேன்: துணியை முடிந்து சாயம் போட்ட அசல் சுங்குடியில் புள்ளிகள் அச்சடித்தாற்போல ஒரே அளவாக இருக்கமாட்டா, முடிச்சுப் போட்ட இடம் இலேசாகச் சுருங்கியிருக்கும். எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் இருந்தால், அது அச்சுத்தான். அதுவும் அழகுதான், விலை மட்டும் அதற்குத் தக்கபடி இருக்கட்டும்.

பக்கத்திலேயே காந்திகிராமம். செல்வந்தரான டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பெண், டாக்டர் சௌந்தரம் அம்மையார், கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947-ல் தொடங்கியது. இன்று அங்கே பல்கலைக்கழகமும் ஆஸ்பத்திரியும் நிமிர்ந்து நிற்கின்றன. "மாட்சைவிட இது பெரிசு" என்றார் மாமியார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

நாலு மணிக்கு வாடகைக் காரில் நத்தம் கிளம்பினோம். போக வர இரண்டுக்கும் சேர்த்தே பேசிக்கொண்டோம். ஆட்டம் முடிகிற நேரத்தில் பெண்டுகளை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க முடியாது. சிறுமலை அடிவாரத்தில் நிறுத்தி மலை வாழைப்பழம் ஒரு சீப்பு, நத்தத்தில் மாம்பழம் ஒரு கூடை வாங்கினோம்.

மைதானத்தைச் சுற்றி மலைகள். விளக்குகள் எரியத் தொடங்கியதும் பகல் போல ஆயிற்று. முந்திய வருஷம் கோப்பையை வென்ற அஸ்வினின் திண்டுக்கல் டிராகன்ஸ் சொந்த மண்ணில் ஆடுகிறது. பிள்ளையின் உற்சாகத்தைக் கேட்கவேண்டுமா? ஆனால் முதலில் ஆடிய திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்துவிட்டார்கள். திண்டுக்கல் 102-க்குச் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் தோல்வி!

காரில் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் மாமியார் இருட்டிலேயே ஒரு வாழைப்பழத்தை உரித்து அவன் கையில் கொடுத்தார். "எட்டு வருஷம் காத்திருந்தாளாமே அந்த ராணி! உன் ஆட்களுக்கு அடுத்த வருஷம் வராமலா போய்விடும்?" என்றார். கோட்டைக்கு வராதவருக்குக் கதை எப்படித் தெரிந்தது? முதல் நாள் ராத்திரி அவனேதான் பாட்டியிடம் சொல்லியிருக்கிறான்!

அவன் சிரித்துவிட்டான்.

மாட்சை மட்டும் நம்பிப் போயிருந்தால் அன்று நாங்கள் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்போம். வெற்றி தோல்வி நம் கையில் இல்லை. மற்ற இரண்டு நாளும் நம் கையில்தான் இருக்கின்றன. ஒன்று மட்டும்: ஞாயிறு இரவே ரயில் பிடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் பிற்பகலில் சென்னை.

இப்போது எங்கள் வாசற்கதவில் மாங்காய்ப் பூட்டு தொங்குகிறது. மாடி வீட்டு அம்மாள் அதைப் பார்த்து, "எந்த ஊரில் வாங்கினீர்கள்?" என்று கேட்டாள்.

என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாட்ச் பார்க்கப் போயிருந்தோமே, அங்கே!" என்றார்.