பிடி - பிட்டா

ஃபின்னிஷ் கற்கத் தொடங்கும் தமிழர் யாராக இருந்தாலும் ஒரு சொல்லைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பார். அந்தச் சொல் 'பிட்டா'. கடைசி உயிரெழுத்து 'பேங்க்' என்பதில் வருவதுபோல ஒலித்து, கொஞ்சம் நீளும். முதல் பொருள், கையில் பிடித்தல். இன்னொரு பொருள், பிடித்துப்போதல்! தன்மையில் சொன்னால் 'ட்ட' மெலிந்து 'பிடான்' ஆகிவிடும். நம்ம 'பிடி'யேதான், இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். ஃபின்னிஷில் வேற்றுமைகள் 15. அவற்றில்தான் வினையின் பொருள் ஒளிந்திருக்கிறது. 'பிடான் கிர்யா கடெஸ்ஸா' என்றால் கையில் புத்தகத்தைப் பிடித்திருக்கிறேன். 'பிடான் கிர்யஸ்டா' என்றால் புத்தகம் பிடிக்கும். 'ஸ்டா' என்பது 'உள்ளிருந்து' என்ற பொருள் தரும் உருபு. அதாவது, பிடித்த ஆளிடம் 'உன்னிலிருந்து பிடிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும்: 'பிடான் சினுஸ்டா'.

காதலிக்கிறேன் என்பதற்கு 'ரகஸ்டன் சினுவா'. அந்த நினைப்பில் 'பிடான் சினுவா' என்று சொல்லிவிட்டால் போச்சு. அது 'உன்னைக் கருதுகிறேன்' என்று பாதியில் நிற்கும். 'என்னவாக? நண்பனாகவா?' என்று கேட்பவர் காத்திருப்பார். ஒரு உருபில் மனசே மாறிப்போகிறது!

மூன்றாவது பொருள் கட்டாயம். 'மினுன் பிட்டா மென்னா', நான் போக வேண்டும். இங்கே 'நான்' என்பது 'என்' ஆகிவிடுகிறது. யார் போனாலும் வினை மாறாது, நம்ம 'வேண்டும்' போலவே. ஆனால் ஒரு வேடிக்கை. தமிழில் விருப்பம் 'எனக்கு' வருவது, கடமைக்குத்தான் 'நான்'. ஃபின்னிஷில் தலைகீழ். விரும்பும்போது ஆள் பிடிக்கிறார், கடமை என்று வந்தால் பிடிபடுகிறார்.

இதோடு நிற்கவில்லை. சொற்பொழிவு ஆற்றுவதும், வாக்கைக் காப்பாற்றுவதும் 'பிட்டா'தான். ஒரு செய்தி உண்மை என்பதைக்கூட 'தன் இடத்தைப் பிடித்திருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். நம்மிடம் சளி பிடிக்கும், பேய் பிடிக்கும், பஸ் பிடிக்கலாம், அடமும் பிடிக்கலாம்.

அப்படியானால் இரண்டும் உறவு மொழிகளா? 1856-ல் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லுக்கும் அந்த ஆசை இருந்தது. ஃபின்னிஷ் அடங்கிய, அவர் 'சித்திய' மொழிகள் என்றழைத்த கூட்டத்தோடு திராவிட மொழிகளை ஒப்பிட்டார். இன்றைய மொழியியல் அதை நிறுவப்பட்ட உறவாக ஏற்பதில்லை. ஃபின்னிஷ் யூராலிக் குடும்பம். அதன் நெருங்கிய சொந்தமான எஸ்தோனிய மொழியிலும் 'பிடமா' என்ற வினை உண்டு. பிடித்துப்போவதற்கு மட்டும் அங்கே வேறு சொல். கூடப்பிறந்த மொழியிலேயே இல்லாத பொருளை வைத்துத் தமிழோடு சம்பந்தம் பேச முடியுமா?

ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் பிடித்ததைக் கையில் வைத்துக்கொள்ளத் தோன்றுவது தற்செயல் இல்லை. ஹெல்சிங்கியில் பிறந்த குழந்தையும் மதுரையில் பிறந்த குழந்தையும் அதைத்தான் முதலில் செய்கின்றன.