வேலிக்குழை

வட்டுக்கோட்டையில் எங்கள் வளவின் மூன்று பக்கம் வேலி, ஒரு பக்கம் மதில். அந்த வேலியின் அருமையை எனக்குப் படிப்பித்தது ஒரு கிடாய்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடைசெய்ததில் நெல் விளைச்சல் விழுந்திருந்தது. தவிடும் பிண்ணாக்கும் ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாத பொருள்களாயின. என்னிடம் இரண்டு மறிகளும் ஒரு கிடாயும் நின்றன. ஹஜ் பெருநாளுக்குக் கிடாயை விற்று மகளின் கொப்பி, சப்பாத்துச் செலவைச் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு.

ஆசிரியர் கலாசாலையில் எழுதிய பழைய குறிப்புக் கொப்பியைப் புரட்டினேன். ‘இபில் இபில் இலையில் புரதம் அதிகம்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. வீட்டின் பின்புறம் அது காடாக நின்றது. பிறகென்ன? காலையும் மாலையும் அதையே ஒடித்துக் கட்டினேன். கிடாயும் ஆசையாகத் தின்றது. சில வாரங்களில் அதன் மயிர் கொட்டத் தொடங்கியது. வாயில் வீணீர் வடிந்தது. உடல் மெலிந்தது.

யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கமிருந்து ஆடு வாங்க வரும் நானா ஒருவர் அதற்கு முன்பணம் தந்திருந்தார். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தகப்பனின் கையைப் பிடித்தபடி புத்தளம் போன பிள்ளை அவர். போர் முடிந்தபின் திரும்பி வந்தவர். கிடாயின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார்.

“என்ன குழை போடுறீங்க மாஸ்டர்?”

“இபில் இபில்தான் நானா.”

“வேற?”

“வேற இல்லை.”

“ஒரே குழையைப் போட்டா இப்படித்தான் வரும். இந்த மெலிவோட உழ்ஹிய்யாவுக்கு எடுக்க ஏலாது. கலந்து போடுங்க. அடுத்த பெருநாளைக்கு வாறன்.”

முன்பணத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அந்த நெருக்கடியான காலத்தில் அது சிறிய காரியமல்ல.

பிறகுதான் தேடிப் படித்தேன். இபில் இபிலில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. ஹவாய்த் தீவு ஆடுகளின் இரைப்பையில் அதை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதை 1980களில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் றேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்தார். அந்த நுண்ணுயிர் இல்லாத ஆட்டுக்கு, தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இக்குழை ஆகாது. புரதத்தை மட்டும் எழுதிவைத்த நான், அளவை எழுத மறந்திருந்தேன்.

மாற்று எங்கே? கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 புல் நல்ல விளைச்சல் தரும். ஆனால் தண்ணீர் கேட்கும். ஆறில்லாத எங்கள் மண்ணில் கோடைக் கிணற்றை நம்பிப் பரவலாக நட முடியாது. கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் இடத்தில் மட்டும் ஒரு வரிசை நட்டேன். இளஞ்சோளப் பயிரில் சயனைட் நஞ்சு இருக்கும் என்பதால் அதைத் தொடவில்லை.

கடைசியில் கொக்கத்தடியோடு வேலிக்கே போனேன். சீமைக்கிளுவை, முள்முருக்கு, பூவரசு எல்லாம் அங்கே நின்றன. நூறு கிலோ வைக்கோலில் நாலு கிலோ அளவுதான் புரதம். உலர்ந்த சீமைக்கிளுவை இலையிலோ இருபது கிலோவுக்கு மேல். அதன் மணம் பிடிக்காமல் ஆடுகள் முதலில் முகத்தைத் திருப்பின. ஒருநாள் வாடவிட்டுப் போட்டபோது தின்றன. எதையும் தனியாகப் போடவில்லை.

கிடாய் தேறியது. அடுத்த பெருநாளுக்கு நானா வந்தார், முதுகைத் தடவினார், சிரித்தார். முன்பணத்தைக் கழித்து மிச்சத்தை எண்ணித் தந்தார்.

கடந்த மாரிக்கு முன் கிழக்கு வளவுக்காரர், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் மதில் கட்டினார். அவர் காசு, அவர் எல்லை. வெட்டிப்போட்ட சீமைக்கிளுவைத் தடிகளை மட்டும் கேட்டு வாங்கி, மதிலுக்கு உட்புறமாகக் கதியால் போட்டேன். இப்போது எல்லாம் தளிர்த்து நிற்கின்றன.